கேன்சர் ஆபத்தைக் குறைக்க: முள் சீத்தாவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப்பைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு கேன்சர் மருந்தாவது கண்ணில் படுகிறது. முள் சீத்தாப்பழம், லட்சுமி தரு இலை, கோதுமைப்புல் சாறு, எலுமிச்சை பிழிந்த வெந்நீர். இன்னொரு பக்கம் பயமுறுத்தல்கள்: மைக்ரோவேவ் அடுப்பு, செல்போன் டவர், இன்னும் என்னென்னவோ. இரண்டையும் மாறி மாறிப் படிப்பவர் எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று குழம்பி, கடைசியில் ‘வர்றது வந்துதான் தீரும்’ என்று கையை உதறிவிடுகிறார்.

வந்துதான் தீரும் என்பது முழு உண்மை இல்லை. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பகுதி ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் சில விஷயங்களில் இருக்கிறது. அவை எல்லாருக்கும் தெரிந்த பழைய விஷயங்கள் என்பதால் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை, அவ்வளவுதான்.

ஆபத்து என்று எதைச் சொல்கிறார்கள்?

நம் உடம்பில் செல்கள் ஓயாமல் இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். நகலில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருத்த முடியாத செல்லை அழித்துவிடும். அதையும் மீறிச் சில பிழைகள் தங்கி, அவற்றோடு இன்னும் சில சேர்ந்து, எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடே ஒரு செல்லுக்குப் போய்விட்டால் அங்கே புற்றுநோய் தொடங்குகிறது. ஒரே பிழையில் இது நடப்பதில்லை. பல ஆண்டுகள் ஆகும். வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுவது இதனால்தான்.

பிழைகளில் சில தற்செயலாக விழுபவை. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் வரும் புற்றுநோய்கள் 5 முதல் 10 சதவீதம்தான். மீதியில் புகையிலை, மது, சில வைரஸ்கள், உடல் பருமன் போன்றவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இவற்றை விட்டவருக்குக் கேன்சர் வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வரும் வாய்ப்பு குறையும். ‘எங்க தாத்தா 85 வயசு வரைக்கும் பீடி குடிச்சார், கல்லு மாதிரி இருந்தார்’ என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்த கூட்டாளிகளில் எத்தனை பேர் 60ஐத் தாண்டவில்லை என்பதை யாரும் கணக்கு வைப்பதில்லை.

செய்திகளில் வரும் சதவீதங்களையும் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்றது. உடனே ‘சிகரெட்டும் சாசேஜும் ஒன்றுதான்’ என்று தலைப்புகள் வந்தன. அப்படி இல்லை. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. 18 சதவீதம் என்றால், 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் 6 பேருக்கு வரும், அவ்வளவுதான். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இப்படிச் சதவீதக் கணக்கில் ஏறுவதில்லை, பல மடங்காக ஏறுகிறது. எதைப் பற்றி முதலில் கவலைப்படுவது என்பதற்கு இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

முதல் இடம் புகையிலைக்கு, அடுத்த இடம் பாக்குக்கு

இந்தியாவில் 2022இல் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் சுமார் 14 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை மூன்றே வகைகள் எடுத்துக்கொள்கின்றன: மார்பகம், வாய், கருப்பை வாய். இந்த மூன்றும் கண்ணுக்கோ கைக்கோ எட்டும் இடங்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

வாய்ப் புற்றுநோய் இங்கே இவ்வளவு இருப்பதற்குக் காரணம், நாம் புகையிலையைப் புகைப்பதை விட மெல்வது அதிகம். 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை: ஹான்ஸ், குட்கா, வெற்றிலையோடு போடும் புகையிலை. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது. ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம்.

பலருக்கும் தெரியாதது பாக்கின் கதை. ‘நான் புகையிலை போடறதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்’ என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. ஆனால் புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. பிரச்சினை வெற்றிலையில் இல்லை, பாக்கில் இருக்கிறது. விருந்து முடிந்து என்றைக்கோ ஒரு தாம்பூலம் போடுவதற்கும் தினமும் ஐந்தாறு தடவை மெல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கவலைப்பட வேண்டியவர்கள் இரண்டாவது வகையினர். கலர் பாக்கெட்டில் வரும் வாசனைப் பாக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கி மெல்வது இன்னும் மோசம். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

தொடர்ந்து பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கத் தசை மெல்ல மெல்ல நாராக இறுகிப் போகும். முதலில் காரம் பட்டால் எரியும். சாம்பாரில் இருக்கும் சாதாரணக் காரம்கூடத் தாங்காது. அப்புறம் வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகும். உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். விரல்கள் நுழையவில்லை என்றால் பல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பார்க்க வேண்டும். இது இன்னும் புற்றுநோய் இல்லை. பாக்கை இந்தக் கட்டத்தில் விட்டவருக்கும் விடாதவருக்கும் பிற்கால வாழ்க்கை வேறு வேறாக இருக்கும்.

புகையிலை போடுபவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னங்கள், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கைத் தூக்கி அடிப்பக்கம், மேல் அண்ணம். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, கட்டி, ஆறாத புண் என்று எது தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். வாயைப் பார்ப்பதால் என்ன பெரிய பயன் என்று கேட்கலாம். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கையில் டார்ச் லைட், வேறு பெரிய கருவி எதுவும் இல்லை.

பீடி, சிகரெட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பிரிட்டன் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வாளர் ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் சொன்னது: 50 வயதில் புகையை விட்டவருக்கு அதனால் வரும் உயிராபத்து பாதியாகிறது, 30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய முழுவதும் விலகிவிடுகிறது. ‘இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன’ என்பதற்கு இதுதான் பதில். மன உறுதி மட்டும் போதாது என்று தோன்றினால் நிக்கோட்டின் மிட்டாய், சூயிங் கம் எல்லாம் இருக்கின்றன. அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், விஷயம் சுருக்கமானதுதான். உள்ளே போகும் ஆல்கஹால் அசெட்டால்டிஹைடாக மாறுகிறது. அது டி.என்.ஏ.வைக் கெடுக்கும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என ஏழு இடங்களின் புற்றுநோயோடு மதுவுக்குத் தொடர்பு நிரூபணமாகியிருக்கிறது. பீர், பிராந்தி, ஒயின் என்ற பாகுபாடு இதில் கிடையாது. குவார்ட்டரோடு சிகரெட்டும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லாமல் பெருக்கல் கணக்கில் ஏறும்.

ஊசி போட்டுத் தடுக்கக்கூடிய கேன்சர்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு மூலம் பரவும் இந்த வைரஸ் மணமான ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தானே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கியது புற்றுநோயாக மாற 15, 20 ஆண்டுகள்கூட ஆகலாம். சோதனையில் ஹெச்.பி.வி. இருப்பதாக வந்தால் யார் நடத்தை மீதும் சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வைரஸுக்குத் தடுப்பூசி 2006இலிருந்து இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. ‘குழந்தைக்கு இப்பவே எதுக்கு இந்த ஊசி’ என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. ஆனால் வைரஸ் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தயாரான செர்வாவேக் என்ற ஹெச்.பி.வி. ஊசி 2023இல் வந்த பிறகு செலவும் குறைந்திருக்கிறது. 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்தார்கள். வீட்டில் அந்த வயதில் பெண் இருந்தால் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரித்து வையுங்கள்.

இன்னொரு ஊசி ஹெபடைட்டிஸ் பி. இந்த வைரஸ் கல்லீரலில் பல காலம் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிறு வயதில் போடாத பெரியவர்களும் ரத்தம் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

திண்டுக்கல்லில் நடந்தது

ஊசி போடும் வயதைத் தாண்டியவர்கள் என்ன செய்வது? இதற்கு உலகத்துக்கே பதில் சொன்ன இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் அம்பிளிக்கை மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2000இல் அங்கே ஒரு ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுவரை நோய் எதுவும் இல்லாத பெண்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். சோதனைக்குத் தேவைப்பட்டது அசெட்டிக் அமிலம், அதாவது நீர்த்த வினிகர்.

இது நடக்கும் விதம் இதுதான். கருப்பை வாய் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கருவியை உள்ளே வைப்பார்கள். பஞ்சில் நனைத்த வினிகரை அதன் மேல் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றம் அடையத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாக வெளுத்துத் தெரியும். மாற்றம் இல்லாத இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், லேசாக எரியலாம். சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் செய்ய மாட்டார்கள். திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்கு வெண்மை தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. அடுத்த கட்டச் சோதனையில் முன்நிலை மாற்றம் இருப்பது உறுதியானவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை தரப்பட்டது. கருப்பையை எடுக்கும் பேச்சே இல்லை.

முடிவு 2007இல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களை விடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அழைத்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் வரவே இல்லை, அப்படியும் இவ்வளவு. எந்தப் பழச்சாறுக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது என்பதை நான் கொஞ்சம் காட்டமாகவே சொல்வேன்.

நல்லது என்னவென்றால், இன்று இதற்காக அம்பிளிக்கை போக வேண்டியதில்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நாட்டின் அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கேட்டால் செய்வார்கள், பணம் கிடையாது. முன்னால் சொன்ன மூன்று புற்றுநோய்களும் இவைதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அவர்கள் பேப் ஸ்மியர் (கருப்பை வாயில் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) அல்லது ஹெச்.பி.வி. சோதனை பற்றிக் கேட்கலாம். ஹெச்.பி.வி. சோதனைதான் இப்போது உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது, வசதி இருந்தால் அதுவே மேல். ஊசி போட்டுக்கொண்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மார்பகத்தைப் பொறுத்தவரை நர்ஸோ டாக்டரோ கையால் தடவிப் பார்ப்பதே நம் ஊருக்கு முதல் படி. 50க்கு மேல் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம். தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டும் நல்லதில்லை. மொத்தமாக ஒவ்வொரு 12 மாதம் பால் கொடுத்ததற்கும் தாயின் மார்பகப் புற்றுநோய் ஆபத்து நாலு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அம்மா, அக்கா, சித்தி என்று இரண்டு மூன்று பேருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால், அல்லது ஒருவருக்கே இளவயதில் வந்திருந்தால், 30 வரை காத்திருக்காமல் டாக்டரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாடு, எடை, இன்ன பிற

இதை இவ்வளவு கீழே வைத்ததற்குக் காரணம் உண்டு. சாப்பாடு முக்கியம்தான், ஆனால் தனியாக ஒரு பண்டம் கேன்சரைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. மொத்தத்தில் எடைதான் கணக்கு. குறைந்தது 13 வகைப் புற்றுநோய்களுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை, பெருங்குடல் எல்லாம் அதில் வரும். தட்டில் சோற்று மலையைக் குறைத்து, கூட்டு, பொரியல், கீரை, சுண்டலைக் கூட்டினால் பாதி வேலை முடிந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி வேகமாக நடப்பது மீதி.

கடலை விஷயத்தில் நம் ஆட்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம். ஈரத்தில் வைத்த நிலக்கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது, அது கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாம் குப்பைக்குத்தான். ‘சொத்தையைத் தனியா எடுத்துச் சட்னிக்கு வச்சுக்கலாம்’ என்ற சிக்கனம் வேண்டாம்.

ஃபில்டர் காபி ரசிகர்களுக்கு: காபி மேல் குற்றம் இல்லை. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொல்லியிருக்கிறது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் போதும்.

சத்து மாத்திரை விற்பவர்களை நம்ப வேண்டாம். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டைப் பொரியலாகச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று பிரித்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ‘எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்’ என்பவர்தான் போக வேண்டிய ஆள். தொந்தரவு இருப்பவர்கள் முகாம் வரட்டும், தீபாவளி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், மார்பில் வலிக்காத கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, விழுங்க முடியாமல் போவது, தொடர்ந்து கரகரக்கும் குரல், காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றுக்கு நேராக டாக்டர்தான். மலத்தில் ரத்தம் வந்தால் ‘மூலம்தான்’ என்று நாமே முடிவு செய்து மாதக்கணக்கில் களிம்பு போடக் கூடாது. மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடியும் ரத்தம் பட்டால், ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும், அந்த வாரமே பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள்.